கொலு மலையில் ஒரு பனிமூட்டம்

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு மலையைப் பார்த்திருப்பீர்கள். செங்கல்லும் களிமண்ணும் பழைய கோணியும் சேர்ந்து கயிலாய மலை ஆகிவிடும். கேழ்வரகு முளைத்துப் புல்வெளியாகும். கண்ணாடித் துண்டு குளமாகும். எல்லாம் இருந்தும் ஒரு குறை இருக்கும். மலை என்றால் அதன்மேல் பனி தவழ வேண்டாமா?

இந்தக் குறையைத் தீர்க்க இப்போது கடைகளில் பலவகைக் கருவிகள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் அக்டோபர் 31-ஆம் நாள் வரும் 'ஹாலோவீன்' விழாவுக்கு வீட்டு வாசலில் பேய், எலும்புக்கூடு பொம்மைகளை வைத்து, அவற்றைச் சுற்றிப் பனியைப் படரவிடுவது வழக்கம். நம் ஊரில் திருமண மேடைகளிலும் பள்ளி ஆண்டுவிழா நாடகங்களிலும் அதே கருவிகள் வந்துவிட்டன. கொலுவுக்கும் அவற்றைக் கொண்டுவரலாமா?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆவடியிலிருந்து செங்குன்றம் செல்லும் வழியில் வெள்ளானூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள ஓர் அறையில் கொலு வைத்திருக்கிறார்கள். பண்ருட்டி மண் பொம்மைகளும், காஞ்சிபுரம் காகிதக்கூழ் பொம்மைகளும் படிகளில் இருக்கின்றன. சில பொம்மைகள் பாட்டி திருமணமாகி வந்தபோது கொண்டுவந்தவை. பாட்டிக்கு இழுப்பு நோய் உண்டு. கொலுவுக்கு எதிரே பாயில் அக்காவின் ஆறு மாதக் குழந்தை தூங்குகிறது. இந்த அறையில் பனிமூட்டம் உண்டாக்கும் பொறுப்பு உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பீர்கள்? எப்படிப் பயன்படுத்துவீர்கள்? கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் தெரிந்தால் விடை தானே கிடைக்கும்.

புகை வேறு, பனி வேறு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். மேடைக் கருவியைப் பலரும் 'புகைக் கருவி' என்கிறார்கள். புகை என்பது பொருள் எரிவதால் எழும் நுண்ணிய கரித்துகள்களும் வாயுக்களும் கலந்த கலவை. சாம்பிராணி, ஊதுவத்தி, போகிப் பண்டிகையில் எரியும் பழைய பாய் ஆகியவற்றிலிருந்து வருவது புகை. பனிமூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய திரவத் திவலைகள். அங்கே எதுவும் எரிவதில்லை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் வெண்மையாகத் தெரிந்தாலும் பிறப்பு வேறு.

நீராவி கண்ணுக்குத் தெரியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்ததும் எழும் வெண்மையான 'ஆவி' உண்மையில் ஆவி அன்று. வெளிக்காற்றில் குளிர்ந்து மீண்டும் நீராகிவிட்ட கோடானுகோடித் திவலைகளே அவை. பனிமூட்டம் தரும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த இட்லிக் கொப்பரையின் தத்துவத்தில்தான் இயங்குகின்றன. முதலில் ஆவியாக்கு, பிறகு குளிரவை.

திவலை பிறக்க ஒரு தூசி

ஆவி குளிர்ந்தால் மட்டும் திவலை பிறந்துவிடாது. அது ஒட்டிக்கொள்ள ஏதேனும் ஒரு பற்றுக்கோடு வேண்டும். காற்றில் உள்ள தூசியும் உப்புத்துகளும் புகைத்துகளுமே அந்தப் பற்றுக்கோடு. இதை 1880-ஆம் ஆண்டையொட்டி ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜான் எய்ட்கன் சோதனைகளால் காட்டினார். நீங்களும் காட்டலாம்.

செய்து பாருங்கள்: ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியில் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர் ஊற்றி மூடுங்கள். நன்றாகக் குலுக்குங்கள். புட்டியைக் கையால் அழுத்திச் சட்டென்று விடுங்கள். உள்ளே அநேகமாக ஒன்றும் தெரியாது. இப்போது பெரியவர் ஒருவரை ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைக்கச் சொல்லி, அதன் புகையில் சிறிதைப் புட்டிக்குள் ஏற்றி மூடுங்கள். மறுபடியும் அழுத்திவிடுங்கள். விட்ட நொடியில் உள்ளே வெண்மேகம் தோன்றும், அழுத்தினால் மறையும். விடும்போது காற்று விரிந்து குளிர்கிறது. ஆவி புகைத்துகள்களின்மேல் படிந்து திவலையாகிறது.

போகியன்று விடியற்காலையில் சென்னையைச் சுற்றிலும் நிகழ்வது இதன் பெரிய வடிவமே. மார்கழியின் கடைசி நாளில் ஏற்கெனவே குளிர்ந்து ஈரம் செறிந்திருக்கும் காற்றில், எரியும் குப்பையின் புகை கலக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் போகிக் காலையில் எதிரே உள்ளது தெரியாமல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்க வேண்டிய பல விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

பனி உண்டாக்க மூன்று வழிகள்

முதல் வழி, சூட்டுக் கருவி. இதில் கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த நீர் ஊற்றப்படுகிறது. ஒரு சிறு எக்கி அந்தத் திரவத்தைச் சூடான உலோகக் கட்டைக்குள் செலுத்துகிறது. அங்கே அது நொடியில் ஆவியாகி, குறுகிய துளை வழியாகப் பீறிட்டு வெளியேறுகிறது. வெளிக்காற்றில் பட்டதும் குளிர்ந்து, ஏறத்தாழ ஒன்று முதல் சில மைக்ரான் விட்டமுள்ள திவலைகளாகிறது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிலிட்டர் திரவத்தை 2 மைக்ரான் திவலைகளாக உடைத்தால் எத்தனை கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 24,000 கோடி!

இதே தத்துவம் வெள்ளானூருக்குப் பக்கத்திலேயே வேறொரு வேலையையும் செய்கிறது. 1961-இல் தொடங்கப்பட்ட ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-72 'அஜேயா' டாங்கிகள் தயாராயின. எதிரியின் கண்ணிலிருந்து மறைந்துகொள்ள வேண்டுமானால், இந்த டாங்கியின் எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவில் டீசல் தெளிக்கப்படும். டீசல் ஆவியாகி, வெளியே வந்து குளிர்ந்து, வெண்திரையாகப் படரும். ஊராட்சியினர் தெருவில் அடிக்கும் கொசு மருந்துப் பனியும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அதில் மண்ணெண்ணெயோ டீசலோ பூச்சிகொல்லியுடன் கலந்திருக்கும். அந்தக் கருவியின் பின்னால் குதித்துக்கொண்டு ஓடும் சிறுவர்களை நீங்கள் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். அவர்கள் சுவாசிப்பது மேடைப் பனி அன்று, நஞ்சும் எண்ணெயும்.

இரண்டாம் வழி, உலர்பனிக்கட்டி. இது உறைந்த கரியமில வாயு. இதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 78.5 டிகிரி செல்சியஸ். உருகாமல் நேரே வாயுவாக மாறுவதால் 'உலர்' என்று பெயர். இந்நிகழ்ச்சியைப் பதங்கமாதல் என்பார்கள். இதை வெந்நீரில் இட்டால் கொதிப்பதுபோல் குமிழ்கள் எழுந்து, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெண்பனி அருவிபோல் வழியும். பலர் அந்த வெண்மையைக் கரியமில வாயு என்று எண்ணுகிறார்கள். அது தவறு. கரியமில வாயுவுக்கு நிறமில்லை. அதன் குளிர்ச்சியால் நீராவி திவலைகளானதே நாம் காணும் பனி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வாயுவும் அதனுடனேயே தரையில் வழிகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாம் வழி, மீயொலிக் கருவி. இதில் சூடும் இல்லை, உறைபனியும் இல்லை. நீருக்கடியில் ஒரு சிறு வட்டத் தகடு மின்சாரத்தால் நொடிக்குப் பதினேழு இலட்சம் முறை அளவில் அதிர்கிறது. அந்த அதிர்வு நீரின் மேற்பரப்பில் மிக நுண்ணிய அலைகளை எழுப்ப, அலைகளின் முகடுகள் உடைந்து சில மைக்ரான் அளவுள்ள திவலைகளாகத் தெறிக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் சில படிகங்கள் சுருங்கி விரியும். இப்பண்பு அழுத்தமின் விளைவைச் சேர்ந்தது. அவ்விளைவைப் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டறிந்தார்கள். மேரி கியூரியின் கணவர் என்று நாம் அறிந்த அதே பியேர் கியூரிதான்.

பனி ஏன் மிதக்கிறது? ஏன் எழுகிறது?

நீர் காற்றைவிட எண்ணூறு மடங்குக்கு மேல் கனமானது. அப்படியானால் திவலைகள் ஏன் உடனே விழுவதில்லை? சிறு உருண்டைகளுக்குக் காற்றின் பிசுக்குத்தன்மையே பெருந்தடை. ஸ்டோக்ஸ் விதிப்படி, விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 மைக்ரான் திவலை நொடிக்கு 0.12 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒரு மீட்டர் இறங்க அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விட்டம் பத்து மடங்காகி 20 மைக்ரான் ஆனால் வேகம் நூறு மடங்காகும். அப்போது அதே தொலைவை ஏறத்தாழ எண்பது நொடியில் கடந்துவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. பனி எங்கே போகிறது என்பதை முடிவு செய்வது திவலையின் எடை அன்று. அது மிதக்கும் காற்றின் போக்கே. சூட்டுக் கருவியின் பனி சூடான காற்றோடு வெளிவருவதால் மேலே எழுந்து அறை முழுவதும் பரவிவிடும். மலையடிவாரத்தில் படிய வேண்டிய பனி பாட்டியின் மூக்குக்குப் போய்விடும்! தரையோடு தவழ வேண்டுமானால் பனியைச் சுற்றியுள்ள காற்று அறைக்காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். 30 டிகிரிக் காற்றை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. இந்தச் சிறு வேறுபாடே பனியைத் தண்ணீரைப்போல் பள்ளம் நோக்கி ஓடவைக்கப் போதும்.

ஆகவே மேடை வல்லுநர்கள் சூட்டுக் கருவியின் பனியை ஒரு பெட்டிக்குள் செலுத்துகிறார்கள். தெர்மாகோல் பெட்டியின் நடுவில் கம்பிவலைமேல் பனிக்கட்டிகளைப் பரப்பி வைத்து, ஒரு பக்கம் மேலே பனியை விட்டு, எதிர்ப்பக்கம் கீழே உள்ள துளை வழியாக வெளியேற்றுவார்கள். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு கணக்கு உண்டு.

புரட்டாசி, ஐப்பசி மாலைகளில் வெப்பநிலை 30 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்று கொள்வோம். அப்போது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். 10 டிகிரியில் அக்காற்று தாங்கக்கூடியது 9.4 கிராம்தான். மீதி 13 கிராமுக்கு மேல் நீராகப் படிய வேண்டும். காற்றைக் குளிர்விக்க வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 23 கிலோஜூல். அந்த நீராவியைப் படியவைக்க வேண்டியதோ 33 கிலோஜூல். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பனிக்கட்டியில் பாதிக்கு மேல் காற்றின் ஈரத்தைப் பிழிவதற்கே செலவாகிறது! ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்ளும். அதைக் கொண்டு மிகச் சிறந்த ஏற்பாட்டிலும் ஆறு கன மீட்டர் காற்றைத்தான் குளிர்விக்க முடியும். குளிர்நாட்டுப் புத்தகத்தில் எழுதிய அளவு பனிக்கட்டி நமக்கு ஏன் போதவில்லை என்பது இப்போது புரிகிறதா?

ஆனால் இதே ஈரம் வேறு வகையில் உதவுகிறது. வெறும் நீர்த்திவலை வறண்ட காற்றில் நொடிக்குள் மீண்டும் ஆவியாகிவிடும். ஈரமான காற்றிலோ சற்று நீடித்து நிற்கும். குளிர்சாதனம் இயங்கும் மண்டபத்தில் மீயொலிப் பனி விளிம்பிலேயே மறைந்துபோவதையும், மழைக்கால மாலையில் அதே கருவி அழகாக வழிவதையும் காணலாம். கிளைக்கால் கலந்த திவலை எளிதில் உலர்வதில்லை. அதனால் அந்தப் பனி நெடுநேரம் நிற்கிறது. நிற்பது கண்ணுக்கு நல்லது, நுரையீரலுக்கு?

மூன்றையும் எடைபோடுவோம்

சூட்டுக் கருவியின் சில மைக்ரான் திவலைகள் மூச்சுக்குழலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. கனடாவில் நாடகம், திரைப்படம் முதலிய துறைகளில் பணிபுரிவோரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பனிக் கருவிக்கு மிக அருகில் வேலை செய்தவர்களின் நுரையீரல் செயல்திறன் குறைந்து காணப்பட்டது. கிளிசரின் அளவு மீறிச் சூடானால் அக்ரோலீன் என்னும் எரிச்சலூட்டும் பொருளாகச் சிதையும். கடைத் திரவத்துக்குப் பதிலாக வாசனைத் தைலத்தையோ சமையல் எண்ணெயையோ ஊற்றிப் பார்ப்பது பெருந்தவறு. எண்ணெய்த் திவலை நுரையீரலில் படிந்தால் அழற்சி உண்டாகும். இழுப்பு உள்ள பாட்டியின் அறையில் இந்தக் கருவிக்கு இடமில்லை. திறந்த முற்றத்திலும் பள்ளி மைதான மேடையிலும் பயன்படுத்தலாம்.

உலர்பனிக்கட்டியைக் கணக்கிடுவோம். ஒரு கிலோகிராம் உலர்பனிக்கட்டி முழுவதும் வாயுவானால் ஏறத்தாழ 0.55 கன மீட்டர் கரியமில வாயு கிடைக்கும். நம் அறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். கதவையும் சன்னலையும் மூடிவிட்டால் அறைக்காற்றில் கரியமில வாயு நூற்றுக்கு இரண்டு பங்காகும். வழக்கமான காற்றில் அது 0.04 பங்குதான். தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்கு ஏற்கத்தக்கதென்று பல நாடுகள் வகுத்துள்ள அளவு 0.5 பங்கு. நம் அறையில் அதைப்போல் நான்கு மடங்கு! இது சராசரி மட்டுமே. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, குளிர்ந்தும் இருக்கிறது. ஆகவே அது தரையில் தேங்கும். நின்றுகொண்டு வேடிக்கை பார்க்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பாயில் தூங்கும் குழந்தையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

வேறு ஆபத்துகளும் உண்டு. வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும். இறுக மூடிய புட்டியில் அடைத்தால் அழுத்தம் ஏறி வெடிக்கும். 2024 மார்ச் மாதம் தில்லியை அடுத்த குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய்ப் புத்துணர்ச்சிப் பொருள் என்று எண்ணி உலர்பனிக்கட்டியை வாயிலிட்ட ஐவர் இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டில், திரவ நைட்ரஜனில் தோய்த்த 'புகை பிஸ்கட்' பற்றித் தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விடுத்தது. வாயிலிருந்து புகை வருவது வேடிக்கைதான். ஆனால் திரவ நைட்ரஜனின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி என்பதை வேடிக்கை பார்ப்போர் அறிவதில்லை.

மீதமிருப்பது மீயொலிக் கருவி. இதில் நீரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் இதற்கும் கணக்கு உண்டு. நம் கருவி மணிக்கு 400 மில்லிலிட்டர் நீரைத் தெளிப்பதாகக் கொள்வோம். முன்பு சொன்ன 30 டிகிரி, 75 பங்கு ஈரமுள்ள காற்று இன்னும் கன மீட்டருக்கு ஏழரைக் கிராம் நீராவியைத்தான் ஏற்கும். 27 கன மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம். மூடிய அறையில் அரை மணி நேரம் ஓடினால் போதும், காற்று நிறைந்துவிடும். அதற்கு மேல் தெளிக்கும் நீர் எங்கே போகும்? சுவரிலும் படித் துணியிலும் பொம்மைகளிலும் படியும். காகிதக்கூழ் பொம்மை ஊறும். மண் பொம்மையின் வண்ணம் உரியும். பாட்டி ஐம்பது ஆண்டாகப் பஞ்சில் பொதிந்து காத்ததை நாம் ஒன்பது நாளில் கெடுத்துவிடக் கூடாது.

நன்றாகப் பயன்படுத்தும் முறை

பனி அழகாகத் தவழ அசையாத காற்று வேண்டும். மனிதர் நலமாக இருக்க அசையும் காற்று வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது, அடுத்தடுத்துப் பெறலாம். விருந்தினர் வந்து சுண்டல் வாங்கும் பத்து நிமிடம் மின்விசிறியை நிறுத்திக் கருவியை இயக்குங்கள். பிறகு கருவியை நிறுத்திச் சன்னல்களைத் திறந்து விசிறியை ஓடவிடுங்கள். பனி எப்போதும் இருப்பதைவிட, எப்போதாவது தோன்றி மறைந்தால்தான் காண்போர் மனத்தில் நிற்கும். எங்கும் நிறைந்த பனியில் மலையே தெரியாது.

கருவியை வைக்கும் முன் ஓர் ஊதுவத்தியை அறையின் பல இடங்களில் பிடித்துப் புகையின் போக்கைப் பாருங்கள். பாட்டி அறையில் இல்லாத நேரத்தில் இதைச் செய்யுங்கள். புகை செங்குத்தாக எழும் இடமே காற்று அசையாத இடம். மலையை அங்கே அமையுங்கள். படிகளிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

மலையுச்சிக்குப் பின்னால் ஒரு குழிவான பாத்திரத்தை மறைத்து வைத்து அதில் கருவியை இறக்குங்கள். நீரில் சில பனிக்கட்டிகளைப் போட்டால் பனி குளிர்ந்து கனத்து, மலைச்சரிவில் வழியும். அடிவாரத்தைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு அட்டையால் கரை கட்டினால் அது குளம்போல் தேங்கி நிற்கும். தகட்டுக்கு மேல் நீர் கருவியில் குறித்த அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் தகடு சூடாகிக் கெட்டுப்போகும்.

என்ன நீர் ஊற்றுவது? புறநகர்ப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி. ஆவியாக்கும் கருவி உப்பைப் பாத்திரத்திலேயே விட்டுவிடும். மீயொலிக் கருவியோ நீரை உடைத்துத் தெளிப்பதால் உப்பும் திவலையோடு பறக்கும். திவலை உலர்ந்ததும் பொம்மைகள்மேல் வெண்தூசியாகப் படியும், மூச்சிலும் நுழையும். வாலை வடித்த நீரோ, உப்பு நீக்கிய குடிநீரோ ஊற்றுங்கள். நாள்தோறும் நீரை மாற்றிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தேங்கிய நீரில் கிருமிகள் பெருகும். அவற்றையும் கருவி அப்படியே காற்றில் தெளித்துவிடும்.

அடுத்தது விளக்கு. பனிக்கு நிறமில்லை; ஒளியைச் சிதறச் செய்வதால்தான் அது தெரிகிறது. திவலையின் அளவு ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிதாக இருந்தால், எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறும். ஆகவே பனி வெண்மை. அத்துடன் சிதறும் ஒளியில் மிகுதியானது பின்னோக்கித் திரும்பாமல் முன்னோக்கியே செல்லும். இதைச் சோதிக்க, இருட்டறையில் ஊதுவத்திப் புகையின்மேல் கைவிளக்கைக் காட்டுங்கள். விளக்கின் பக்கமிருந்து பார்த்தால் புகை மங்கல். எதிர்ப்பக்கம் சென்று, விளக்கு நேரே கண்ணில் படாதபடி ஒதுங்கிப் பார்த்தால் புகை பளீரென்று ஒளிரும். ஆகவே கொலு விளக்கை எதிரிலிருந்து காட்டாதீர்கள். மலைக்குப் பின்னால், தாழ்வாக, பார்ப்போர் கண்ணுக்கு மறைவாக ஒரு சிறு நீல விளக்கை வையுங்கள். சிறிதளவு பனியே பெருமூட்டமாகத் தெரியும். விளக்கைச் சரியாக வைக்கத் தெரிந்தவருக்குப் பனி குறைவாகவே தேவைப்படும். நீரும் மிச்சம், நுரையீரலும் பிழைக்கும். தந்திரக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ்.மனோகர் ஆகியோரின் நாடகக் குழுக்களில் விளக்கமைப்புக்கு ஏன் அவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

கடைசியாக மின்சாரம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றியைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல், உலர்ந்த உயரமான இடத்தில் வையுங்கள். கருவியை நீரில் இறக்குமுன்பும் எடுக்குமுன்பும் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம் வீட்டில் இருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தரையில் நீர் படிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். வழுக்கி விழுவதற்குப் பட்டுப்பாவாடைச் சிறுமியர் பலர் வருவார்கள்!

ஒரு மலையுச்சியில் தொடங்கிய கதை

பனிமூட்டம் வெறும் அலங்காரம்தானே என்று எண்ணாதீர்கள். 1894-இல் சி.டி.ஆர்.வில்சன் என்னும் இளைஞர் ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் மலையுச்சியில் சில வாரங்கள் தங்கியிருந்தார். மேகத்தின்மேல் விழும் கதிரவன் ஒளி வண்ண வளையங்களாவதைக் கண்டு வியந்தார். அதைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்க்க விரும்பி, நீங்கள் புட்டியில் செய்ததுபோல் ஈரக்காற்றை விரியச் செய்தார். தூசியை அறவே நீக்கிய பின்னும் காற்றை மேலும் விரித்தால் சில திவலைகள் தோன்றுவதைக் கண்டார். மின்னேற்றம் பெற்ற அணுக்களின்மேல் அவை படிகின்றன என்பது பிறகு தெளிவாயிற்று. 1911-இல் அவர் அமைத்த முகிற்கலத்தில் கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்கள் சென்ற பாதைகள் பனிக்கோடுகளாகத் தெரிந்தன. 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலைப்பனியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில்தான் அதுவும் தொடங்கியது.

சிந்தித்து விடை காணுங்கள்

1. உங்கள் வகுப்பறையின் நீளம், அகலம், உயரத்தை அளந்து கொள்ளளவைக் கணக்கிடுங்கள். கதவு மூடிய அந்த அறையில் எத்தனை கிலோகிராம் உலர்பனிக்கட்டி ஆவியானால் கரியமில வாயு 0.5 பங்கை எட்டும்?

2. கொசு மருந்தைப் பெரும்பாலும் நண்பகலில் அடிக்காமல் அந்தி வேளையிலும் விடியற்காலையிலும் அடிப்பது ஏன்? தரை சூடாக இருக்கும்போது காற்று எப்படி நகரும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

3. பனிமூட்டத்தில் செல்லும் பேருந்து ஓட்டுநர் முகப்பு விளக்கை உயர்த்தாமல் தாழ்த்துவது ஏன்?

இந்த நவராத்திரியில் உங்கள் கயிலாயத்தில் பனி தவழட்டும். இயக்குவதற்கு முன் ஒருமுறை தரையோடு குனிந்து, குழந்தையின் மூக்கு இருக்கும் உயரத்திலிருந்து அறையைப் பாருங்கள். அந்த உயரத்திலும் காற்று நல்ல காற்றாக இருந்தால்தான் உங்கள் கணக்கு சரி.